ராணி செய்த அட்டிகை

1. முதல் நாள் சண்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கும் முதலாளியம்மாவுக்கும் சண்டை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் குவாலிட்டி செக்கிங் பார்த்தே தலை நரைத்தவள் நான். பீஸைக் கையில் எடுத்தால் கண் தானாகக் குறையைத்தான் தேடும். அன்றைக்கு மேஜைமேல் பனையோலைக் கம்மல்கள் குவிந்து கிடந்தன. ஜோடி சேராததையெல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் ஒதுக்கினேன். நிவேதா மேடம் வந்து பார்த்தார். "மும்தாஜக்கா, இங்க ரிஜெக்‌ஷன்னு ஒரு வார்த்தையே கிடையாது. ஒவ்வொரு பீஸுக்குப் பின்னாடியும் ஒரு பொண்ணு இருக்கா" என்றார். இருக்கட்டும் மேடம், வாங்குகிற பெண்ணுக்கு இரண்டு காதும் ஒரே அளவில்தானே இருக்கும் என்றேன். முகம் சுருங்கிப்போனது அவருக்கு. ஆனாலும் என்னை அனுப்பவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின மாதம்தான் வெளிநாட்டு பையர் ஒருவர் ஒரு பெட்டி சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கம்பெனி பெயர் வேண்டாம். ஆர்.எஸ்.புரத்தில் கீழே ஷோரூம், மாடியில் ஸ்டாக் ரூம். அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சென்டர் என்று ஒரு தகர ஷெட். அங்கேதான் பெண்கள் உட்கார்ந்து பின்னுவார்கள். கம்மல், வளையல், அட்டிகை, சுவரில் மாட்டும் தட்டு, விளக்குக் கூடு, தாம்பூலப் பெட்டி, தோரணத்துக் கிளி. எல்லாம் பனங்குருத்து ஓலை, கை வேலை. நிவேதா மேடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆரம்பித்தது. எத்திக்கல் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். அப்புறம் அதைக் கேட்காத நாளே கிடையாது. டீ குடிக்கிற கப்புகூட எத்திக்கல்.

குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கூலி ஒழுங்காகக் கொடுத்தார், ஷெட்டில் ஃபேன் போட்டார், கக்கூஸ் கட்டினார். திருப்பூரில் நான் பார்த்த முதலாளிகளோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவோ மேல். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2. மூன்று தடவை எடுத்த போட்டோ

மேடத்தின் யோசனை ஒன்று, ஒவ்வொரு பீஸோடும் சின்ன அட்டை கட்டுவது. அட்டையில் செய்தவரின் போட்டோ, பெயர், ஊர், இரண்டு வரி. டேக் என்று நாங்கள் சொல்வோம், பெண்கள் அட்டை என்பார்கள். வாங்குகிறவர்களுக்கு யார் செய்தது என்று தெரிய வேண்டும், செய்தவளுக்கு அது மரியாதை என்று சென்டரில் நின்று மேடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

பெரும்பாலான பெண்களுக்கு போட்டோ என்றதும் வெட்கம். கொடுமுடியிலிருந்து அன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கலைவாணி கேமராவைப் பார்த்ததுமே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தாம்பூலப் பெட்டி பின்னுகிறவள், சாது. அவளைச் சிரிக்க வைத்து ஒரு படம் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ராணி அப்படியில்லை. அட்டிகை செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அது அவளுக்கும் தெரியும். போட்டோவை மூன்று தடவை எடுக்க வைத்தாள். முதல் படத்தில் மூக்கு பெரிசாகத் தெரிகிறதாம். இரண்டாவது படத்தில் புடவை சரியில்லையாம், வீட்டுக்குப் போய் நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கீழே கூலித் தொழிலாளி என்று ஏதும் போட்டுவிடக்கூடாது, அட்டிகைக் கலைஞர் என்று போட வேண்டும் என்று மேடத்திடமே கறாராகச் சொன்னாள். உனக்கு ரொம்பத்தான் நெனப்பு என்று நான் கிண்டல் பண்ணினேன்.

"எங்கூர்ல எனக்குப் பேரே கெடையாதுங்க்கா" என்றாள். "தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனா மாராத்தா மக. கட்டிக்கிட்டு வந்த பொறவு குமாரு சம்சாரம். ராணின்னு கூப்புட்டது இஸ்கோல்ல டீச்சரு மட்டுந்தான். இதுலதானுங்க எம் பேரு எம் மொகத்துக்குக் கீழ இருக்குது."

அதற்கப்புறம் நான் கிண்டல் பண்ணவில்லை. அவள் செய்த ஒவ்வொரு பீஸுக்கும் அட்டை கட்டியிருக்கிறதா என்று அவளே பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் வைக்க விடுவாள். இரண்டு முறை அட்டை மாறிப்போனதற்கு என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறாள்.

3. ஈர ஓலை

அட்டிகை செய்வதில் ஒரு சங்கதி உண்டு. ஓலையை நூல் மாதிரி கிழித்து, சாயம் ஏற்றி, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பின்னுவார்கள். கழுத்தைப் பிடித்தாற்போல் இருக்கும் அட்டிகைக்கு டேப் வைத்து அளவு எடுத்தால் மட்டும் போதாது. ஈரம் இருக்கும்போதே போட்டுக்கொள்கிறவரின் கழுத்தில் சுற்றி, பின்னால் தற்காலிகமாக முடிந்து, பாதி காயும் வரைக்கும் அப்படியே விட வேண்டும். அப்போதுதான் அந்தக் கழுத்தின் வளைவு ஓலையில் நிற்கும். கழற்றி நிழலில் காயவைத்துக் கொக்கி போட்டால், அது அந்த ஒருத்திக்கு மட்டும்தான் பொருந்தும். அளவெடுப்பு, பின்னுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் ஒரே கை செய்ய வேண்டும் என்பாள் ராணி.

நலங்குக்கு ஓலை நகை போடுவது அப்போது இங்கே பரவிக்கொண்டிருந்தது. அப்படி வந்த ஆர்டர்தான் ஹரிணியுடையது. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். ஆர்.எஸ்.புரத்தில் வீடு, அன்னூரில் தோட்டம் உள்ள குடும்பம். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் மஞ்சள் சாயத்தில் ஒரு செட். பந்தல் அலங்காரம், தாம்பூலப் பெட்டிகளும் நம்மிடமே. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு வீட்டில் நம் சரக்கு நுழைந்துவிட்டால் அவர்கள் சொந்தபந்தம் முழுக்க நம்மிடம்தான் வரும் என்றார்.

ஹரிணி சிநேகிதியோடு ஷோரூமுக்கு வந்தாள். ராணி அன்னூரிலிருந்து பஸ்ஸில் ஈர ஓலையோடு வந்து அவள் கழுத்தில் அட்டிகையைச் சுற்றினாள். ஓலை காயும் வரைக்கும் அசையாமல் உட்கார வேண்டுமல்லவா, அந்த நேரம் பூராவும் இரண்டு பேரும் ஒரே பேச்சு. மாப்பிள்ளை எப்படி, மாமியார் எப்படி என்று ராணி கேட்க, ஹரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். போகும்போது, நலங்கு அன்றைக்கு நீங்கள்தான் வந்து எனக்குப் போட்டுவிட வேண்டும் அக்கா என்றாள். வாரேன் கண்ணு என்றாள் ராணி. அவளுக்கு அது யார் வீட்டுப் பெண் என்று தெரிந்திருந்தது. ஹரிணிக்குத்தான் இவள் யாரென்று தெரியவில்லை, சின்ன வயதிலிருந்தே ஊட்டி ஹாஸ்டலில் படித்தவள்.

4. போன்

செட்டை டெலிவரி கொடுத்த மறுநாள் ஹரிணியின் அம்மா போன் செய்தார். ஸ்டாக் ரூமில் நான்தான் எடுத்தேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டினாலும் ங்க போட்டுத்தான் திட்டுவார்கள். அந்த அம்மா திட்டக்கூட இல்லை. என் உடம்பு எப்படியிருக்கிறது, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். நகை ரொம்ப நேர்த்தி என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மணி. அந்த அட்டையில இருக்கறது நம்ம தோட்டத்துல களையெடுக்க வந்த மாராத்தா புள்ளைங்க. நாலு சனம் வர்ற எடமுங்க. பொண்ணு கழுத்துல கட்டறதுக்கு அந்தப் புள்ளயே ஊட்டுக்கு வாறதும், அத எல்லாரும் பார்க்கறதும் நல்லாவாங்க இருக்கும்? உங்களுக்குத் தெரியாததா. வேற ஏற்பாடு பண்ணிப்போடுங்க."

வைக்கட்டுங்களா அம்மணி என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். சாதி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை, படிக்கிறவர்களுக்கு அது தேவைப்படாது.

மேடத்திடம் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது. இந்தக் காலத்திலுமா என்றார். ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா மேடம் என்று கேட்டேன். வேறு ஆளை வைத்துப் புதிதாகச் செய்ய நாள் இல்லை, அட்டையை மட்டும் மாற்றிவிடலாம் என்றார். அதே நகை, கலைவாணியின் அட்டை. கலைவாணி போய்ப் போட்டுவிடட்டும். கலைவாணியின் ஆட்கள் அந்த வீட்டுக்குள் போகலாம், உட்காரலாம். அந்த அம்மாவுக்கு இது அதே நகைதான் என்று தெரியவா போகிறது என்றார். நாம் அவர்களை ஏமாற்றுகிறோம், ஒரு வகையில் இது ராணி ஜெயித்த மாதிரிதான் என்றுகூடச் சொன்னார். படித்தவர்களுக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

"ராணிகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்றேன்.

"இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். கல்யாணம் முடியட்டும். அவ ஃபீல் பண்ணுவா."

அட்டையை நான் கட்டமாட்டேன் என்றேன். ராணி என் சட்டையைப் பிடிப்பாள், பதில் சொல்ல என்னால் ஆகாது என்றேன். மேடமே அந்த வீட்டுக்குப் போய், மாற்றித் தருகிறோம் என்று செட்டை வாங்கிவந்து, புது அட்டையைக் கட்டி இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார். ஹரிணியிடம் தனியாகப் பேசினாராம். ஐயோ பாவம் அந்த அக்கா என்றாளாம் அவள். அம்மாவிடம் எதுவும் சொல்லிக்கொள்ள வேண்டாம், கல்யாண நேரத்தில் எதற்குப் பிரச்சினை என்றும் சொன்னாளாம். சின்னப் பெண், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று மேடம் சொன்னார். இருபத்தேழு வயது சின்னப் பெண்.

5. நலங்கு

பந்தல் வேலையைப் பார்க்க நானும் கலைவாணியோடு தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். தோரணம், கிளி, தொங்கும் ஓலைப் பூ எல்லாம் அழகாகத்தான் இருந்தது. கலைவாணி வேனில் வரும்போதே அழுகிற மாதிரி இருந்தாள். எனக்கு அட்டிகைக்குக் கொக்கி மாட்டவே தெரியாதுக்கா என்றாள். நான் சொல்லிக்கொடுத்தேன்.

உள்ளே அவளுக்கு ஏக மரியாதை. தண்ணீர் கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், கொடுமுடியில் யார் வீடு, என்ன குலம், என்ன கூட்டம் என்று விசாரித்துச் சொந்தம்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். கலைவாணி ஹரிணிக்கு நகை போட ஆரம்பித்தாள். ஹரிணி என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அட்டிகை கழுத்தில் போய் உட்கார்ந்தது, ஒரு நூல் இடைவெளி இல்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம், ஏனுங்க இத நீங்களே பின்னுனீங்களா என்று கலைவாணியைக் கேட்டார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்.

முதல் பந்தியிலேயே எங்களை உட்காரவைத்தார்கள். எனக்குச் சைவம் பிடிக்குமா என்று அந்த அம்மாவே வந்து கேட்டார். ராணி வந்திருந்தால் எங்கே உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயந்திரமே ஹரிணி போட்டோக்களைப் போனில் ஏற்றிவிட்டாள். அட்டிகை ஒரு படம், அட்டை ஒரு படம். எங்கள் மண்ணின் பெண்கள் தங்கள் கையால் செய்தது, அவர்கள் பெயரைச் சொல்லி அணிவதில் பெருமை என்று கீழே எழுதியிருந்தாள். அட்டையில் கலைவாணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊர் முழுக்கப் பார்த்தார்கள். கலைவாணி செய்த அட்டிகை வேண்டும் என்று ஷோரூமுக்கு போன்மேல் போன்.

6. ராணி வந்தாள்

ராணிக்கு விஷயம் படத்தைப் பார்த்துத் தெரியவில்லை. கலைவாணியே மறுநாள் காலையில் சென்டருக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். ராணி கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "அட்டிகை கழுத்துல நின்னுச்சா?" நின்னுச்சுக்கா என்றிருக்கிறாள் கலைவாணி. அப்புறம் அவளுக்கு ராணியே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம்.

மத்தியானம் ஷோரூமுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. நேரே மேடத்தின் அறைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

மேடம் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார், அழுதார். சமூகம் இப்படி இருக்கிறது, ஒரே நாளில் மாற்ற முடியாது, உள்ளே நுழைந்துதான் மாற்ற வேண்டும் என்று என்னென்னவோ சொன்னார். உன்னை மாஸ்டர் டிரெய்னர் ஆக்குகிறேன், மற்றவர்களுக்கு நீ சொல்லிக்கொடு, இந்தப் பக்கத்து ஆர்டருக்கு மட்டும் அட்டையில்லாமல் செய்வோம், வெளிநாட்டுக்குப் போவதில் உன் அட்டை இருக்கட்டும் என்றார். ராணி அவரைப் பேசி முடிக்க விட்டாள்.

"ஜெர்மனிக்காரிக்கு எம் மூஞ்சி ஆகுது. அன்னூருக்கு ஆகலீங்களா?"

"ராணி, நான் அப்படிச் சொல்லல..."

"நான் அட்டை கேக்கலீங்க மேடம். நீங்கதான் குடுத்தீங்க. உம் பேரு நாலு பேருக்குத் தெரியோணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் நம்பிப்போட்டேன்." அப்போதுதான் மேடத்தின் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்தத் தோட்டத்தம்மா ஊட்டுக்குப் போயி, இது ராணி செஞ்சதுன்னு சொல்லிப்போட்டு வாங்க. அவங்க மன்னிப்புக் கேக்க வேண்டாம், எனக்கு ஒண்ணும் வேண்டாம். சொன்னாப் போதும். நாளைக்கே வந்து உக்காந்து பின்னறேன்."

மேடம், கொஞ்சம் டைம் கொடு என்றார்.

சரிங்க என்றாள் ராணி. அப்படியானால் அதுவரைக்கும் எல்லா இடத்திலிருந்தும் என் போட்டோவை எடுத்துப்போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மேடம் இரண்டு மூன்று தடவை ஆள் அனுப்பினார், கூலியை ஏற்றித் தருகிறேன் என்று. அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவிநாசிப் பக்கம் ஒரு நூல் மில்லின் வேன் ராணியின் ஊருக்கு வருகிறது, அதில் ஏறிப் போகிறாள் என்று கலைவாணி சொன்னாள். நீலப் புடவை போட்டோ கம்பெனியின் வெப்சைட்டில் ரொம்ப நாள் இருந்தது. எடுக்கச் சொன்னால் ஆள் வரவில்லை, அடுத்த வாரம் என்பார்கள்.

நானே ஒரு முறை ராணியின் வீட்டுக்குப் போனேன். தனியாகச் செய்து விற்கலாமே, நான் கூட இருக்கிறேன் என்றேன். டீ போட்டுக் கொடுத்தாள். "ஆருக்குங்க்கா விக்கறது? இதே சனத்துக்குத்தான" என்றாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

7. பட்டுக்கடையில்

அடுத்த வருடம் நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன், முழங்கால் மாடிப்படி ஏற விடவில்லை. என் தங்கை மகள் நிக்காஹுக்குப் புடவை எடுக்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்குப் போயிருந்தபோது ஹரிணியின் அம்மா என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். வாங்கம்மணி என்று பக்கத்தில் உட்காரவைத்தார். காலுக்கு என்ன வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஹரிணிக்கு ஏழாவது மாதம், வளைகாப்புக்கு ஓலை வளையல் போட ஆசைப்படுகிறாள் என்றார். கம்பெனியில் கேட்டாராம், அவர்கள் காட்டியது எதுவும் பிடிக்கவில்லையாம்.

"அந்தப் புள்ளையக் கொண்டே செஞ்சு குடுக்கச் சொல்லுங்கம்மணி. அவ கை வேலை வேற ஆருக்கும் வாறதில்லீங்க."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"ராணிதானுங்க. நம்ம மாராத்தா மக."

அந்த அட்டிகை ராணி செய்ததுதான் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அதென்னுங்க இப்புடிக் கேக்கறீங்க. எம் பொண்ணு கழுத்து நகை எனக்கு அடையாளம் தெரியாதுங்களா. நாங்க அட்டிகைய மாத்தச் சொல்லவே இல்லீங்களே. அட்டையும் ஆளும் மாறுனாப் போதும்னுதானுங்க சொன்னோம்."

ராணி இப்போது ஓலையைத் தொடுவதில்லை, மில்லுக்குப் போகிறாள் என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. நடிப்பில்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அடப் பாவமே, நல்ல கையுங்க அவளுக்கு" என்றார். கடைப் பையனிடம் எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். என்னால் செய்ய முடிந்த மரியாதைக் குறைவு அவ்வளவுதான்.

மேடம் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஏமாற அங்கே யாருமே இல்லை. ராணி போய்ச் சொல்லச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அவள் கை அவர்களுக்கு வேண்டும். அவள் பெயரை நாலு பேர் முன்னால் படிக்கத்தான் வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு இப்போது நிறையப் படித்த பிள்ளைகள் வருகிறீர்கள். என்னிடம் யோசனை கேட்டும் சிலர் வந்தார்கள். ஓலையில் பூசணம் பிடிக்காமல் பேக் செய்வது எப்படி, சாயம் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது, எல்லாம் சொல்லித் தருகிறேன். கூடவே இதையும் சொல்லி அனுப்புகிறேன். ஒருத்தியின் பெயரை அட்டையில் அடிக்கும் முன்னால், அவளைத் தெரிந்த ஊரில், அவளைத் தெரிந்தவர்கள் முகத்துக்கு நேராக அந்தப் பெயரைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராது என்றால் அடிக்காதீர்கள். அந்த அட்டையைக் கொடுக்காமலே இருந்திருந்தால் ராணி இன்றைக்கும் அட்டிகை பின்னிக்கொண்டிருப்பாள்.